ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள்

போன மாதம் ஒரு சாயங்காலம், ஆபீஸைப் பூட்டப் போகிற நேரத்தில் பண்பொழி பக்கத்திலிருந்து ஒரு தம்பதி பைக்கில் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண்ணின் தோளில் ஐந்து மாதக் குழந்தை. கணவர் கையில் வழவழப்பான ஒரு நோட்டீஸ். முறுக்கின ஏணி மாதிரி டி.என்.ஏ. படம் போட்டு, கீழே "20,000 ஜீன்கள், ஒரே டெஸ்ட்" என்று எழுதியிருந்தது. "அண்ணே, நீங்கதான் இதெல்லாம் பாத்தவருன்னு சொன்னாங்க. இதை எடுக்கலாமா?" என்றார்.

நான் டாக்டர் இல்லை. கேரள எல்லையில், புளியரையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். காய்கறி, வைக்கோல், எம்-சாண்ட் என்று மலைக்கு அந்தப் பக்கம் போகிற லோடுகளுக்குப் பில் எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த தொழில். ஆனால் என் அக்கா மகனுக்காக ஏழு வருஷம் அலைந்ததில் 'ஜீன் டெஸ்ட் ஆளு' என்று ஒரு பெயர் வந்துவிட்டது. குழந்தை நடக்கத் தாமதமானால், பேசத் தாமதமானால், சில சமயம் கல்யாணப் பேச்சு நின்றுபோனால்கூட யாராவது வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கதையோடு சேர்த்துத்தான் எழுத வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஆரியங்காவில், அத்தை மகனுக்கு. ரேஷன் கார்டு கேரளா, வீட்டில் பேச்சு தமிழ், பிள்ளைகள் இரண்டும் கலந்து பேசுவார்கள். 2018இல், மலைப்பாதையில் மறுபடி ரயில் ஓட ஆரம்பித்த வருஷம், மருமகனுக்கு ஐந்து வயது. படி ஏறத் திணறினான். தரையிலிருந்து எழும்போது முதலில் கையை ஊன்றி, அப்புறம் முழங்காலைப் பிடித்து, அப்புறம் தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேல் தானே ஏறுகிற மாதிரி எழுந்திருப்பான். கெண்டைக்கால் மட்டும் நன்றாகப் பருத்திருக்கும். "பயில்வான் காலுல்லா!" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் தட்டிக்கொடுப்பார்கள். இரண்டுமே தசைச்சிதைவு நோயின் பாடப்புத்தக அடையாளங்கள் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

காய்ச்சலுக்கு எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் எகிறி இருந்தன. கல்லீரல் கோளாறு என்றார் அப்போது பார்த்த டாக்டர். ஆச்சி உடனே வயக்காட்டிலிருந்து கீழாநெல்லி பறித்து அரைக்க ஆரம்பித்தார். ஐந்து மாதம் எண்ணெய் இல்லாத சாப்பாடு, கீழாநெல்லி, மோர். அந்த இரண்டு என்சைமும் தசையிலும் இருக்கின்றன, தசை சிதையும்போதும் ரத்தத்தில் கூடும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. ஜி.ஜி.டி. என்று இன்னொன்று பார்த்திருந்தாலே ஓரளவு பிரித்திருக்கலாம், ஏனென்றால் கோளாறு தசையில் இருந்தால் அது கூடாது. கடைசியில் வேறொரு டாக்டர், தசையிலிருந்து ரத்தத்தில் கசிகிற சி.கே. என்ற என்சைமைப் பார்க்கச் சொன்னார். இருநூறுக்குள் இருக்க வேண்டியது 14,000 சொச்சம் வந்தது. சில நூறு ரூபாய் டெஸ்ட். நடக்கத் தாமதமாகிற, அடிக்கடி விழுகிற ஆண் குழந்தைக்கு வேறு எதையும் பார்ப்பதற்கு முன் சி.கே. பார்த்துவிடுங்கள் என்று நான் இன்றைக்கு எல்லோரிடமும் கெஞ்சுவது அதனால்தான்.

சி.கே. வந்தவுடன் ஜீன் டெஸ்ட் என்றார்கள். எங்களுக்கு அவசரம், பயம். கையில் ஒரு சீட்டுப் பணம் இருந்தது. "சின்னச் சின்னதா எடுக்கிறதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே அடியா பாத்துரலாம்" என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். எக்ஸோம் சீக்வென்சிங், 28,000 ரூபாய். ஏழு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் காணப்படவில்லை. போனில் "ஜீன்ல ஒண்ணும் இல்ல" என்று சொன்னார்கள். அன்றைக்கு அக்கா வீட்டில் பாயசம் வைத்தார்கள். அத்தான் எனக்குப் போன் செய்து அழுதார், சந்தோஷத்தில்.

இப்போது அந்த ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். பொடி எழுத்தில் இருந்தது: பெரிய அளவிலான நீக்கங்கள், இரட்டிப்புகள் இந்தப் பரிசோதனையில் மதிப்பிடப்படவில்லை. லாரி ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் படித்தே பிழைக்கிறவன் நான். அதை மட்டும் படிக்கவில்லை.

என் தொழில் பாஷையில் சொன்னால்தான் எனக்கே புரியும். லோடு இறங்கும்போது இரண்டு விதமான சோதனை உண்டு. ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து, உள்ளே சரக்கு சொத்தையா நல்லதா என்று பார்ப்பது ஒன்று. மூட்டை எண்ணிக்கை சரியா என்று பார்ப்பது இன்னொன்று. எக்ஸோம் முதல் வகை. நம் மொத்த ஜீனோமில், அதாவது முழு டி.என்.ஏ.வில், ஒன்றிரண்டு சதவீதம்தான் அது, ஆனால் புரதம் செய்வதற்கான குறிப்பு இருக்கிற இடம், தெரிந்த நோய் மாற்றங்களில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது, அதனால்தான் அதற்கு அவ்வளவு மவுசு. ஆனால் டுஷேன் தசைச்சிதைவுக்கு, அதாவது டி.எம்.டி.க்கு, எண்ணிக்கைதான் முக்கியம். அந்த ஜீன் மனித ஜீன்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, அதில் 79 எக்ஸான்கள், அதாவது துண்டுகள், 79 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்ட பத்துப் பையன்களில் ஆறேழு பேருக்கு நடுவில் சில மூட்டைகள் காணாமல் போயிருக்கும், ஒருவருக்குச் சில மூட்டைகள் இரண்டு தடவை ஏற்றப்பட்டிருக்கும், மிச்சப் பேருக்குத்தான் மூட்டைக்குள் சொத்தை. அதனால் முதலில் எண்ணிப் பார்க்கிற எம்.எல்.பி.ஏ. என்ற டெஸ்ட், அதில் கிடைக்காவிட்டால் அப்புறம் எழுத்து எழுத்தாகப் படிக்கிற சீக்வென்சிங், இதுதான் வழக்கமான வரிசை. இப்போது சில லேப்கள் எக்ஸோமிலேயே எண்ணிக்கையையும் ஓரளவு கணக்கிட்டுச் சொல்கின்றன. எங்களுடையது சொல்லவில்லை.

இரட்டிப்புதான் எங்கள் பையனுக்கு. அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், ஒன்றும் இல்லை என்ற அந்த ரிப்போர்ட்டை நம்பி அக்கா மறுபடி கர்ப்பமானாள்.

2019இல் பையன் இன்னும் மோசமாக விழ ஆரம்பித்தபோது திருவனந்தபுரத்துக்குப் போனோம். குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு என்று அந்த வளைவு வளைவான பாதையில், மூன்றரை மாதக் கர்ப்பத்தோடு அக்கா இரண்டு தடவை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். அங்கே மரபியல் பிரிவில் ஒரு சின்ன அறையில், குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு கவுன்சிலர். முப்பது வயது இருக்கும், மலையாளி. நாங்கள் ஃபைலை நீட்டினோம். அவர் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பையனில் ஆரம்பித்து அக்கா, அத்தான், நாங்கள் மூன்று பேர், அம்மா, அப்பா, அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் என்று மேலே மேலே போனார். "அம்மைக்கு ஆங்ஙளமார் எத்ர பேர்?" என்றார். அம்மாவுக்கு அண்ணன் தம்பி எத்தனை பேர் என்று. இரண்டு பேர் என்றேன். அம்மா பக்கத்திலிருந்து மெதுவாக, "மூணு" என்றார். கடைசித் தம்பி ஒருவர் இருந்திருக்கிறார். பத்து வயதில் நடை போய், பதினெட்டு வயதில் மூச்சு முட்டி இறந்திருக்கிறார். வீட்டில் அதை இளம்பிள்ளை வாதம் என்றே சொல்லி வைத்திருந்தார்கள், அவருக்கு ஒரு போட்டோகூட இல்லை. கவுன்சிலர் அந்தச் சதுரத்தைக் கறுப்பாக நிரப்பினார், பையனின் சதுரத்தையும் நிரப்பினார், இரண்டுக்கும் நடுவில் அம்மாவும் அக்காவும் இரண்டு வெள்ளை வட்டங்களாக இருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கே புரிந்துவிட்டது.

28,000 ரூபாய் சொல்லாததை அரை மணி நேரத்தில் ஒரு பேனா சொல்லிவிட்டது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்த வரைபடம்தான் எந்த டெஸ்ட், முதலில் யாருக்கு என்று தீர்மானித்தது. முதலில் நோய் உள்ள பையனுக்கு எம்.எல்.பி.ஏ. அவனிடம் மாற்றம் எது என்று தெரிந்தால்தான் மற்றவர்களிடம் அதே இடத்தைக் குறிவைத்துத் தேட முடியும். நோய் உள்ளவரை விட்டுவிட்டு ஆரோக்கியமாக இருப்பவருக்கு முதலில் டெஸ்ட் எடுத்து "இல்லை" என்று வந்தால், அந்த இல்லைக்கு அர்த்தமே கிடையாது.

நானும் ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக இருந்தேன். எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், 'அந்த வீட்டு ரத்தத்துல ஏதோ இருக்காம்' என்ற பேச்சு தென்காசி வரைக்கும் போயிருந்தது. கவுன்சிலர் சிரித்துவிட்டார். உங்களுக்கு வேண்டாம் என்றார். ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதில் கோளாறு இருந்தால் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும், முப்பது வயதில் மூட்டை தூக்குகிறவருக்கு இந்த நோயும் இல்லை, பிள்ளைக்குக் கொடுக்க உங்களிடம் எதுவும் இல்லை. அவ்வளவுதான். டெஸ்டே எடுக்காமல் இவ்வளவு நல்ல ரிசல்ட் யாருக்குக் கிடைக்கும்?

சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று ஊரே சொன்னது. டாக்டர்கள் சிலர்கூட எடுத்த எடுப்பில் "சொந்தமா?" என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அத்தானுக்குப் பதில் அக்கா யாரைக் கட்டியிருந்தாலும் ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புதான். ஆனால் வேறு பல நோய்களுக்குச் சம்பந்தம் உண்டு, அதை மறைக்கவும் கூடாது. அம்மா அப்பா இருவரிடமும் ஒரு ஜீனின் கோளாறான பிரதி ஒவ்வொன்று இருந்து, இரண்டும் குழந்தைக்கு வந்தால்தான் நோய் என்கிற வகையில், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும்போது ஒரே தாத்தாவிடமிருந்து அதே பிரதி இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி 'சொந்தமா' என்பதோடு நிற்கக் கூடாது, 'எந்த நோய், எந்த வழியாக வருவது' என்றும் கேட்க வேண்டும்.

அத்தைக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் பிடித்துக்கொண்டது ஒரே வார்த்தையை. கேரியர். பெரும்பாலும் தனக்கு நோய் இல்லாமல், பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர் என்று அர்த்தம். ஆச்சி வெகுளியாக "சாப்பாட்டுக் கேரியரா?" என்று கேட்டார், எல்லோரும் சிரித்தோம், அத்தை சிரிக்கவில்லை. "அப்ப உங்கம்மா வழியாத்தான வந்துருக்கு, எங்க ரத்தத்துல இல்லல்ல" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். சொந்த அண்ணன் மகளைப் பற்றி. மலையாளத்தில் ஜனிதகம் என்கிறார்கள், கேட்க ஏதோ ரசாயனப் பெயர் மாதிரி இருக்கிறது. நாம் மரபணு என்கிறோம். அதில் 'மரபு' இருப்பதால் எங்கள் வீட்டுக் கிழவிகளுக்கு அது குலத்தின் குற்றப்பத்திரிகை மாதிரி கேட்டுவிட்டது என்று நினைக்கிறேன். இதற்காகவே சொல்கிறேன், ரிப்போர்ட்டைக் கூடத்தில் வைத்துப் பிரிக்காதீர்கள். அது யாருடைய ரத்தமோ அவர் முதலில் தனியாகக் கேட்கட்டும்.

எம்.எல்.பி.ஏ. முடிவு வர மூன்று வாரம் ஆனது. பையனுக்கு ஐந்து எக்ஸான்கள் இரட்டிப்பு, அக்காவிடமும் அதே. அக்காவுக்கு அப்போது பதினெட்டாவது வாரம். வயிற்றுப் பிள்ளைக்குப் பார்க்க வேண்டுமானால் பனிக்குட நீரை ஊசியால் எடுக்க வேண்டும். சட்டப்படி கருவைக் கலைப்பதற்கான எல்லை அன்றைக்கு இருபது வாரம். 2021 திருத்தத்துக்குப் பிறகு சில வகைப் பெண்களுக்கு 24 வாரம், கருவில் பெரிய கோளாறு என்றால் மருத்துவக் குழு சம்மதத்தோடு அதற்கு மேலும் என்று ஆகியிருக்கிறது. எங்களுக்கு அன்றைக்கு இருந்தது பத்துப் பன்னிரண்டு நாள். முதலிலேயே மூட்டையை எண்ணியிருந்தால், கர்ப்பத்துக்கு முன்னாலேயே எல்லாம் தெரிந்திருக்கும், பதினொன்று பன்னிரண்டாவது வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கிற வழியும் இருந்திருக்கும், நிதானமாக உட்கார்ந்து யோசித்திருப்போம். டெஸ்ட் எடுத்தோமா இல்லையா என்பதை விட அதை எப்போது எடுத்தோம் என்பதுதான் எங்களைக் கவிழ்த்தது.

சம்மதப் படிவம் மலையாளத்தில் இருந்தது. அக்காவுக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தப் பெண்ணுக்குப் புரிகிற மொழியில் விளக்கி எழுத்தில் சம்மதம் வாங்கினால்தான் கருவில் இந்த மாதிரிப் பரிசோதனை செய்யலாம். கவுன்சிலர் ஒவ்வொரு வரியாக வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். ஊசியால் கரு கலைகிற ஆபத்து சிறிய அளவில் உண்டு. முடிவு வந்தபிறகு என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம், எடுக்காமல் இருப்பதும் உங்கள் விருப்பம். அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். பேனாவை வாங்கினாள். அப்புறம் மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"எந்த ரிசல்ட் வந்தாலும் நான் கலைக்கமாட்டேன். அப்ப எதுக்கு ஊசி?"

வெளியே வந்து நான் கத்தினேன். ஆஸ்பத்திரி வாசலில், நாலு பேர் பார்க்க. ஒருத்தனைத் தூக்கித் தூக்கி உன் இடுப்பு போகிறது, இன்னொருத்தனை யார் தூக்குவது என்றெல்லாம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து நெடுமங்காடு தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். 2020 பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. எல்லோரும் சாமி காப்பாற்றியது என்றார்கள். எனக்கு அதில் சந்தோஷம் இருந்தாலும், அன்றைக்கு அக்கா எடுத்தது சரியா தவறா என்று இன்றுவரை எனக்கு ஒரு பக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த அறையில் சரியான கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான். பதிலை வைத்து எதையும் மாற்றப்போவதில்லை என்றால் எதற்கு அந்தக் கேள்வி? இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான், அவளிடம் திருடியது.

மாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. பையனுக்கு நோய் உறுதியானதும் ஸ்டீராய்டு தொடங்கினார்கள். அது நோயைக் குணப்படுத்தாது, நடக்கிற காலத்தைக் கொஞ்சம் நீட்டும். தசை பயாப்சி என்று தொடையில் வெட்டி எடுக்கிற வேதனை மிச்சம். வருஷத்துக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். வெளிநாட்டில் சில புது மருந்துகள் வந்திருக்கின்றன, ஆனால் அவற்றில் பல குறிப்பிட்ட எக்ஸான்கள் இல்லாதவர்களுக்கு மட்டும் பொருந்துகிறவை, மாற்றம் எது என்று தெரியாமல் அதைப் பற்றிப் பேசவே முடியாது. எங்கள் பையனுக்கு அவை பொருந்தவில்லை, அதுவும் ஒரு தகவல்தான், பொய் நம்பிக்கையில் வீட்டை விற்காமல் இருந்தோம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் எக்கோ பார்க்கச் சொன்னார்கள், ஏனென்றால் கேரியராக இருக்கிற பெண்களில் சிலருக்கு இதயத் தசை பலவீனமாகலாம். அம்மா அறுபது வயது வரை மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சி விஷயம் வேறு மாதிரி. 2022இல் அவளுக்கு வரன் வர ஆரம்பித்தபோது அவளே வந்து சொன்னாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடும்பத்தின் மாற்றம் எது என்று ஏற்கெனவே தெரியும் என்பதால் குறிவைத்த ஒரே டெஸ்ட், சில ஆயிரம் ரூபாய், ஆம் அல்லது இல்லை என்று தெளிவான பதில். அம்மா வேண்டாம் என்றார், தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம். தெரியாமல் கட்டினால் அக்கா நின்ற இடத்தில் நானும் நிற்பேன் என்றாள் அவள். போனாள், எடுத்தாள், தனியாகப் போய் முடிவை வாங்கினாள். முடிவு என்ன என்று இங்கே எழுத மாட்டேன். சொல்ல வேண்டியவரிடம் அவள் சொல்லிவிட்டாள், கல்யாணமும் நடந்தது. அதற்கு மேல் ஊருக்கு அதில் வேலை இல்லை.

அக்காவின் மூத்த மகளுக்கு இப்போது பதினாறு. அவளுக்கும் இப்போதே எடுத்துவிட வேண்டும் என்று அத்தை இரண்டு வருஷமாக நச்சரிக்கிறார். டாக்டர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லாத பெண், பதினெட்டு ஆகட்டும், அவளே கேட்கட்டும், அதுவரை அவளுடைய மருத்துவத்தில் இந்த முடிவால் மாறப்போவது எதுவும் இல்லை என்றார்கள். நானும் அத்தையிடம் சண்டை போட்டுவிட்டேன். அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை சொன்னது: "மாமா, பதினெட்டு ஆகட்டும், நானே போய்க்கிடுதேன். நீங்க யாரும் கூட வரண்டாம்."

இன்னொன்று, வி.யு.எஸ். என்று ஒரு சனியன். அர்த்தம் இன்னதென்று உறுதியாகாத மாற்றம். பெரிய டெஸ்ட் எடுத்தால் பெரும்பாலும் இதில் ஒன்றிரண்டாவது வரும். தென்காசியில் எனக்குத் தெரிந்த ஒருவரின் மகளுக்கு வலிப்பு, எக்ஸோமில் ஒரு வி.யு.எஸ். வந்தது. அதைத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டு இரண்டு வருஷம் அந்தக் குடும்பம் துக்கம் காத்தது. பிறகு பெற்றோர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு தொந்தரவும் இல்லாத அப்பாவிடமும் அதே மாற்றம் இருந்தது. ஒரு பிரதி கெட்டாலே நோய் வரும் என்கிற ஜீன் அது, ஆகவே அது காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைந்துவிட்டது. உலகத் தரவுத்தளங்களில் நம்மவர்கள் குறைவு, அதனால் நம்மிடம் சாதாரணமாக இருக்கிற வேறுபாடுகூட அங்கே அபூர்வம் என்று தெரியும். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் ஜீனோமைப் படித்திருக்கிறார்கள், அது போகப்போகக் கைகொடுக்க வேண்டும். பெரிய டெஸ்ட் எடுப்பதாக இருந்தால் குழந்தையோடு அம்மா அப்பா ரத்தத்தையும் கேளுங்கள், ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒன்றிரண்டு வருஷம் கழித்து அதே தரவை மறுபடி அலசச் சொல்லுங்கள். எக்ஸோம் எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பதில் கிடைப்பதில்லை என்பதையும் பணம் கட்டும் முன் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸோமே கெடுதல் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எந்த நோய் என்று யாருக்கும் பிடிபடாமல், பல உறுப்புகளில் கோளாறாக, டாக்டர் டாக்டராக அலைகிற குழந்தைக்கு அதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் டவுன் சிண்ட்ரோம் மாதிரி முகத்தைப் பார்த்தே சந்தேகிக்கக்கூடியதற்கு குரோமோசோமை எண்ணிப் பார்க்கிற பழைய கேரியோடைப் போதும், அடுத்த குழந்தைக்கு என்ன ஆபத்து என்பதையும் அதுதான் சொல்லும்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. மத்திய அரசின் 2021 அரியநோய்க் கொள்கையில் அங்கீகரித்த சிறப்பு மையங்கள் வழியாக, பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் வரை உதவி உண்டு. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி ஒன்று, சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று. மாநிலத் திட்டங்களுக்கு உங்கள் ரேஷன் கார்டு மலைக்கு எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். ஆரியங்காவுக்கும் புளியரைக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட்தான், ஆனால் ஃபைல்களுக்கு அது ஒரு கடல்.

சரி, அந்தப் பண்பொழிக் குழந்தை. நான் பேசிக்கொண்டிருந்தபோதே பார்த்தேன், அம்மாவின் தோளில் ஈரத்துணி மாதிரி கிடந்தது. தலை நிற்கவில்லை, கால் உதைக்கவில்லை. முகம் மட்டும் அவ்வளவு பிரகாசம், என் பேனாவைக் கண்ணாலேயே துரத்திக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு கலங்கியது. 2021இல் கண்ணூர்ப் பக்கத்துக் குழந்தை ஒன்றுக்கு 18 கோடி ரூபாய் மருந்துக்காகக் கேரளமே பணம் திரட்டியபோது மலையாள டிவியில் ராத்திரி பகலாக ஓடிய அதே எஸ்.எம்.ஏ., தசையை இயக்குகிற நரம்பணுக்கள் சாகிற பரம்பரை நோய், அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நான் யார் சொல்ல. ஆனால் அதுவாக இருந்தால் நரம்பணுக்கள் ஒவ்வொரு வாரமும் செத்துக்கொண்டிருக்கும், மருந்துகள் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன், போனது திரும்பாது. கேரளத்தில் அரசே குழந்தைகளுக்கு அந்த நோய்க்கு மருந்து கொடுக்கிறது. அதிலும் மூட்டை எண்ணுகிற கதைதான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு எஸ்.எம்.என்.1 ஜீனில் ஒரே இடம் இரண்டு பிரதியிலும் காணாமல் போயிருக்கும், பக்கத்திலேயே கிட்டத்தட்ட அச்சு அசலான எஸ்.எம்.என்.2 இருப்பதால் சாதாரண எக்ஸோம் குழம்பிவிடும்.

நோட்டீஸை வாங்கி மடித்து என் மேஜை டிராயரில் போட்டேன். அதற்குப் பின்பக்கம் எழுத இடமில்லை, பில் புக்கிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, போக வேண்டிய பிரிவின் பெயரையும், எஸ்.எம்.என்.1 நீக்கம் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள் என்றும் எழுதிக் கொடுத்தேன். எல்லோரிடமும் பதறாதீர்கள், முதலில் உட்கார்ந்து குடும்பப் படம் வரையுங்கள் என்று சொல்கிறவன், அவர்களிடம் நாளைக்குக் காலையிலேயே கிளம்புங்கள் என்றேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, அமாவாசை வேற. திங்கக்கிழமை போலாமாண்ணே?" என்றார் குழந்தையின் அப்பா.

அவர் மனைவி என்னைப் பார்த்தாள், அப்புறம் குழந்தையைப் பார்த்தாள். "காலையில முத பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள்.